பின்சுவரின் கச்சேரி

கடலம்மா மேல் ஆணை, கற்பூரம் அடித்துச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் இனி நான் வாயில் வைக்கிற மீனெல்லாம் முள்ளாகவே இருக்கட்டும். மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பழைய ஐஸ் பேக்டரியை நவீன இசையரங்கமாக மாற்றினார்கள். திறப்பு விழாவன்று அதன் பின்சுவர் வித்வான் சட்டநாதனைவிட நன்றாகப் பாடியது.

எந்திரங்களைத் தூக்கினார்கள், மேடை கட்டினார்கள், மெத்தை வைத்த நாற்காலி போட்டார்கள். பின்சுவரை மட்டும் யாரும் தொடவில்லை. உள்ளே உமி அடைத்த இரட்டைச் சுவர் அது. கலங்கல் தண்ணீரை வாங்கிக்கொண்டு கண்ணாடி மாதிரி ஐஸ் பாராகத் திருப்பிக் கொடுத்தே பழகிய இடம். குரலையும் அப்படித்தான் செய்தது. சட்டநாதன் பாடியது உள்ளே போகும். சற்றுப் பொறுத்து, கமறல் நீங்கி, பிசிறு நீங்கி, சில்லென்று வெளியே வரும்.

முதல் பாட்டு முடிவதற்குள் கூட்டம் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. அடுத்த கச்சேரிக்குள் அரங்கத்தின் செயலாளர் கலியமூர்த்தி நாற்காலிகளைச் சுவர் பக்கம் திருப்பித் தரையோடு முடுக்கிவிட்டார். பொன்னாடையும் சுவருக்குத்தான். ஒன்று போதாதென்று தையல்காரரிடம் கொடுத்து நாலைந்தை ஒட்டுப்போட்டு வாங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க வித்வான்," என்றார். "நீங்க பாடினாத்தானே அது பாடும்? உங்களுக்கும் அதுல ஒரு பங்கு உண்டு."

சட்டநாதன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பிளாஸ்க்கைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி குமுதவல்லி முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுவாள். பெரிய பாட்டு முடிந்ததும் பிளாஸ்க்கிலிருந்து பனங்கற்கண்டுப் பாலை ஊற்றி அவர் கையில் கொடுப்பாள். அந்த இரண்டாவது கச்சேரியன்று பிளாஸ்க்கோடு கொண்டுபோய்ச் சுவரடியில் வைத்தாள்.

"தொண்டை வறண்டது எனக்கு," என்றார் வீட்டுக்கு வரும் வழியில்.

"பாடினது சுவருங்க. உங்களுக்கு வீட்டுல மோர் இருக்கு."

மறுநாள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே ஒரு சங்கதியை முணுமுணுத்தாள். இத்தனை காலம் இவருக்குப் பிடிபடாத சங்கதி. சுவர் போட்டது.

சட்டநாதனுக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். சுவருக்கு ஏது சட்டை? பொன்னாடைதான் இருக்கிறது. அதுவும் தனக்கு வரவேண்டியது.

அடுத்த கச்சேரியில் வேண்டுமென்றே அபஸ்வரமாகப் பாடினார். சுவர் திருத்திப் பாடியது. இருமினார். இருமல் தோடி ஆலாபனையாகத் திரும்பி வந்தது. அவருக்கே மிருதங்கம் வாசிக்கிற பக்கிரிசாமி சுவரைப் பார்த்து, "சபாஷ்" என்றார். கடைசியில், ஏலக்கூடத்தில்கூடக் கேட்க முடியாத வசவாகப் பொறுக்கி எடுத்துச் சட்டநாதன் சுவரை வைதார். அது விருத்தமாக வந்தது. குமுதவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த கச்சேரியில் சட்டநாதன் வாயைத் திறக்கவேயில்லை. தம்புரா மட்டும் ஓடியது. இவர் குமுதவல்லியின் பின்கொண்டையையும் அதிலிருந்த கனகாம்பரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரே, நான் பாடாவிட்டால் நீ என்ன செய்வாய், பார்க்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவர் கனைத்துக்கொண்டது.

"சுருதியை அரைக் கட்டை ஏத்துங்க," என்று சொல்லிவிட்டுத் தானாகவே பாட ஆரம்பித்தது.

அங்கேயிருந்து கிளம்பிய பாட்டு எங்கேயாவது முட்டித்தானே ஆகவேண்டும்? நேரே வந்து சட்டநாதனின் மார்பில் முட்டியது. உள்ளே போனது, சற்றுப் பொறுத்து, அவருடைய வாய் வழியாக வெளியே வந்தது. கமறலோடு, பிசிறோடு, வெதுவெதுப்பாக.

நாற்காலி திரும்பாததால் எல்லாரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். குமுதவல்லி எழுந்தாள். சுவரடியிலிருந்த பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, மேடைக்கு முன்னால் வந்து தரையில் சம்மணமிட்டுத் தாளம் போட்டாள்.

"சுவரோட எதிரொலி நல்லா இருக்கே," என்றார் கலியமூர்த்தி. "நாற்காலியை எல்லாம் இந்தப் பக்கம் திருப்பணும்."

பெரிய பாட்டு முடிந்ததும் குமுதவல்லி பாலை ஊற்றிக் கொடுத்தாள். "அது பாடறப்போ இல்லாத சூடு உங்ககிட்ட இருக்குங்க." சட்டநாதன் சுவரைப் பார்த்தபடியே, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

சுவர் வேர்த்தது. முதலில் முத்து முத்தாக, பிறகு தாரை தாரையாக. இன்றைக்கும் நிற்கவில்லை. ஏலக்கூடத்துப் பெண்கள் குடத்தோடு வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு கரண்டி பாலில் விட்டால் போதும், உறைமோரே வேண்டாம், கெட்டித் தயிர். கொஞ்சம் புளிப்புத்தான்.

இதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சுவருக்குக் காது உண்டு என்பார்கள். இதே கதையைக் கேட்டுவிட்டு அது என்னைவிட நன்றாகச் சொல்லிவிடும்.