ஒத்திகை பார்த்த ‘முடியாது’

“வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்த? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?”

கார் சாவி சோபாவில் வந்து விழுந்தது. பின்னாலேயே கோட்டும் விழுந்தது. வங்கிக் கிளையின் துணை மேலாளருக்குக் கோபம் வந்தால் முதலில் சோபாதான் அடிபடும். அதற்கு அடுத்த இடம் மனைவிக்கு. கை நீட்ட மாட்டார், அதெல்லாம் நாகரிகமான குடும்பம். சொல்லால்தான்.

விஷயம் இதுதான். மேலாளர் நாற்காலிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. பெரிய அதிகாரி தம்பதி சமேதராக மதிய விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் அதிகாரியின் மனைவி இவளைப் பார்த்து, “நீங்க என்ன பண்றீங்கம்மா?” என்று கேட்டுவிட்டாள். இவள் பழக்கதோஷத்தில் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் வாய் நிறைய சோறு. அதிகாரியின் மனைவியும் அவர் பக்கம் திரும்பினாள். பிறகு மேசையே திரும்பியது. அவர் மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, “வீட்டைப் பாத்துக்கறா” என்று சொல்லி முடிக்கும்வரை ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

“ஊமையையா கட்டியிருக்கேன்னு நினைச்சிருப்பாங்க” என்றார் கணவர்.

“அவ வாயில்லாப் பூச்சிடா, விடு” என்று மாமியார் பரிந்து பேசினாள். அந்த வீட்டில் அது பாராட்டு.

இவளைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? அந்த வீட்டு வழக்கம் அப்படி. அவளிடம் கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்வார். “டீயா, காபியா?” என்றால், “அவ டீதான் குடிப்பா.” டாக்டர் “எங்கம்மா வலிக்குது?” என்றால், “அவளுக்கு முதுகுல, டாக்டர்.” அவர் இல்லாத நேரத்தில் மாமியார் பொறுப்பேற்றுக்கொள்வாள். கல்யாணமான புதிதில் அவளே இரண்டொரு தடவை வாயைத் திறந்தாள். “உன்னையா கேட்டாங்க?” என்றார்கள். ஆமாம், அவளைத்தான் கேட்டார்கள். ஆனால் அதைச் சொல்லவும் வாயைத் திறக்க வேண்டுமே!

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள். “சட்டையைக் கழட்டுங்க. நிமிர்ந்து நில்லுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையக் கூடாது.” போலீஸ்காரர் நின்றார், வக்கீல் நின்றார், ஊரையே மிரட்டும் ரவுடிகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் “விடுங்க” என்ற பிறகுதான் விட்டார்கள். பெண் பார்க்க வந்தபோது மாமியார், “கண்டவன் நெஞ்செலும்பைப் பாக்கற வேலையெல்லாம் நம்ம குடும்பத்துக்குச் சரிப்படாது” என்றாள். அத்தோடு வேலைக்கு முழுக்கு.

சென்ற வாரம் அந்த சென்டரின் டாக்டரம்மா போன் செய்திருந்தார். ஆள் தேவைப்படுகிறது, பழைய ஆளே வந்தால் நல்லது, மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். போனை எடுத்தவர் கணவர். “அவளுக்கு இப்ப வேலைக்குப் போற எண்ணமே இல்லீங்க” என்று தேன் ஒழுகச் சொல்லி வைத்துவிட்டார். ஈரக்கையோடு பக்கத்தில் நின்றவளிடம், “பழைய இடத்துலேர்ந்து போன். சொல்லிட்டேன்” என்றார். மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, “மாசக் கடைசி வரைக்கும் எனக்காக வெச்சிருங்கம்மா” என்று கெஞ்சினாள். வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் விருந்தில் கணவருக்கு மூக்கறுந்தது. மனைவிக்குப் பேச்சு வரவழைத்தே தீர்வது என்று முடிவெடுத்தார். இருந்த பேச்சைப் பிடுங்கிக்கொண்டு, இப்போது காசு கொடுத்து வெளியில் வாங்கிவரப் புறப்பட்டார்!

அவர் கூட்டிப்போன பயிற்சி நிலையத்தில் ‘எழுந்து நில், பெண்ணே! தன்னம்பிக்கை, செல்வாக்கு, உள் இணைப்பு’ என்று பலகை மாட்டியிருந்தது. நடத்துகிறவளை எல்லோரும் மேடம் என்றார்கள். கல்யாணமான பெண்ணாக இருந்தால் கணவர் நேரில் வந்து சம்மதம் சொன்னால்தான் சேர்த்துக்கொள்வாள். சொந்தக்காலில் நிற்கக் கற்றுக்கொடுக்கும் இடம் அல்லவா, கொண்டுவந்து விட ஆள் வேண்டாமா?

“உங்க கனவு என்னம்மா?” என்றாள் மேடம்.

“அவளுக்கு அப்படித் தனியா ஒண்ணும் இல்ல மேடம்” என்றார் கணவர். “பேசணும். நாலு பேர் முன்னால பளிச்னு பேசணும். ஆனா ஓவராப் போயிடக் கூடாது.”

“புரியுது சார். சபையில நல்லாப் பேசுவாங்க. வீட்டுல எந்தத் தொந்தரவும் இருக்காது. அதுக்கு நான் கேரண்டி.”

வகுப்பு தொடங்கியது. கண்ணாடி முன் நின்று, ‘நான் ஒரு சக்தி’ என்று உரக்கச் சொன்னார்கள். பலூனில் பயத்தை ஊதி உடைத்தார்கள். மாலை பாத்திரம் கழுவப் போக வேண்டுமே என்ற பயம் மட்டும் எந்தப் பலூனிலும் அடங்கவில்லை. செல்வாக்கு என்றால் என்ன என்று ஒருநாள் பாடம். “நாம நினைச்சதை, அவரே நினைச்ச மாதிரி அவரை நினைக்க வைக்கிறதுதான் செல்வாக்கு” என்றாள் மேடம். எல்லோரும் கைதட்டினார்கள். அவரவர் அம்மாக்கள் அடுப்படியில் அழுதுகொண்டே செய்த வேலைக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு உள் இணைப்பு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இருக்கும் பெண்ணோடு பேச வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரி குறட்டை விட்டாள். தடித்த மூக்குக்கண்ணாடி, மெலிந்த உடம்பு, புருஷன் பாத்திரக்கடை.

“தூங்கிட்டியா?” என்று இவள் கிசுகிசுத்தாள்.

“அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்க விட்டாங்கக்கா. எங்க வீட்டுல இதுகூடக் கிடைக்காது.”

இவள் கண்ணை மூடினாள். உள்ளே இருந்த பெண் கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, எக்ஸ்ரே அறையில் யாருக்கோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நாள் கழித்துப் பார்த்ததில் இவளுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. “ஆஹா, இணைஞ்சுட்டாங்க!” என்று மேடம் அதைப் படம் எடுத்தாள்.

கடைசியாகத் தேர்வு. ஒவ்வொரு பெண்ணும் வீட்டில் துணிந்து ஒரு ‘முடியாது’ சொல்ல வேண்டும். கணவர்மார்களுக்குத் தனி வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் மேடம் முன்கூட்டியே குரல் பதிவில் அறிவித்துவிட்டாள். “சனிக்கிழமை சாயங்காலம் உங்க மனைவி ‘இன்னைக்கு நான் சமைக்க முடியாது’ன்னு சொல்லுவாங்க. யாரும் பதற வேண்டாம். சமையல் சம்பந்தப்பட்டது மட்டும்தான். நீங்க உடனே, ‘உன் முடிவை நான் மதிக்கிறேன்’னு சொல்லணும். வீட்டுப் பெரியவங்க கைதட்டணும். வீடியோ எடுத்து அனுப்புங்க.”

அடேயப்பா, புரட்சிக்கு என்ன ஒரு முன்னேற்பாடு! மாமியார் மத்தியானமே இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சமைத்து மூடி வைத்துவிட்டாள். ‘முடியாது’ என்ற சொல் காதில் விழுந்ததும் கைதட்ட வேண்டும் என்று மகன் சொல்லிக்கொடுத்திருந்தார்.

கணவர் அதோடு நிற்கவில்லை. ஊமையைக் கட்டியிருக்கிறான் என்று நினைத்த பெரிய அதிகாரிக்கும் அவர் மனைவிக்கும் இதை நேரடியாகவே காட்டிவிடுவது என்று வீடியோ அழைப்பில் இருவரையும் கூப்பிட்டு, போனைத் தண்ணீர்க் குடுவை மேல் சாய்த்து நிறுத்தினார். “என் ஒய்ஃபுக்கு நான் முழுச் சுதந்திரம் குடுத்திருக்கேன் சார். நீங்களே பாருங்க” என்று தலைமுடியைக் கோதிக்கொண்டார். மனைவியைப் பார்த்து, “ம், சொல்லு” என்றார்.

அவள் போனைப் பார்த்தாள். இரண்டு நாளில் மாசம் முடிகிறது. இந்த வீட்டில் தன்னைப் பேசவிட்டுக் கேட்கப்போவது இந்த ஒரு தடவைதான், இதைத் தவறவிட்டால் அந்த வேலையும் போய்விடும் என்று அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து நின்றாள். சொன்னாள்.

“டாக்டரம்மா வேலைக்குக் கூப்பிட்டாங்க. எண்ணம் இல்லைன்னு சொன்னது நீங்க, நான் இல்ல. எனக்கு எண்ணம் இருக்கு. இனிமே என்னால வீட்டோட கிடக்க முடியாது. திங்கக்கிழமையிலேர்ந்து எக்ஸ்ரே வேலைக்குப் போறேன்.”

மாமியார் படபடவென்று கைதட்டினாள். ‘முடியாது’ வந்துவிட்டதே!

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. கைதட்டுவதை நிறுத்தச் சொல்லித் தாயாருக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். பெருமையில் அழுகிறான் பிள்ளை என்று நினைத்து அவள் இன்னும் பலமாகத் தட்டினாள்.

“எக்ஸ்ரே டெக்னீஷியனா நீங்க? அன்னைக்கு ஏம்மா சொல்லவே இல்ல?” என்றது போனுக்குள்ளிருந்து அதிகாரியின் மனைவி குரல். “என்ன சார், நீங்க ஒண்ணும் சொல்லலையே?”

“உன்... உன் முடிவை... நான் மதிக்கிறேன்” என்றார் கணவர். பல் பிடுங்கும்போது வரும் குரல் அது.

“பிரமாதம்!” என்றார் பெரிய அதிகாரி.

அழைப்பு முடிந்ததுதான் தாமதம், வீடு இரண்டுபட்டது. “என் மானத்தை வாங்கிட்டா!” என்று அவர் குதித்தார். “நான் எதுக்குடா கை தட்டினேன்?” என்று மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். உடனே மேடத்துக்குப் போன் பறந்தது.

“இது சிலபஸ்லயே இல்ல சார்!” என்று மேடம் பதறினாள். “மறுப்புன்னா புருஷன் சிரிச்சிக்கிட்டே ஏத்துக்கற மாதிரி இருக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். பதறாதீங்க, அதை விட்டுட்டு வீடியோவுக்கு இன்னொரு தடவை சொல்ல வெச்சிடலாம்.”

“கேட்டுக்கிட்டியா? ஒழுங்கா மறுபடி சொல்லு. சமையல்னு சொல்லு” என்றார் கணவர்.

“சொல்றேங்க” என்றாள் அவள். “திங்கக்கிழமை வேலை முடிஞ்சு வந்து சொல்றேன்.”

திங்கட்கிழமை அவள் கிளம்பியபோது யாரும் வழியை மறிக்கவில்லை. மனம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காலையிலேயே அதிகாரியின் மனைவி, ‘முதல் நாள் வாழ்த்துச் சொன்னேன்னு சொல்லுங்க’ என்று செய்தி அனுப்பியிருந்தாள். மேலாளர் நாற்காலி இன்னும் யாருக்கும் முடிவாகவில்லை. மனைவியின் ஆசைக்கு அவர் இறங்கி வரவில்லை, மேலதிகாரி வீட்டம்மாவின் வாழ்த்துக்குப் பயந்து இறங்கி வந்தார். அந்தக் கசப்பு அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் செருப்பை மாட்டினாள்.

அடுத்த ஞாயிறு சான்றிதழ் வழங்கும் விழா. கணவர்மார் மேடையேறி மனைவிமார் சார்பில் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். “இந்தப் பிரிவுல ஒரே ஒருத்தரைத் தவிர எல்லாரும் தேர்ச்சி!” என்று மேடம் அறிவித்தாள். அந்த ஒருத்தரைப் பற்றி உதடு பிதுக்கி, “பயிற்சியை உள்வாங்கத் தெரியல” என்றாள். முதல் மதிப்பெண் கண்ணாடிக்காரிக்கு. “எப்படி ஃபீல் பண்றீங்க?” என்று மைக்கை நீட்டினாள். பாத்திரக்கடைக்காரர் குறுக்கே கை விட்டு மைக்கை வாங்கிக்கொண்டார். “அவ ரொம்ப சந்தோஷமா இருக்கா” என்றார். அரங்கம் அதிரக் கைதட்டல்.

மறுநாள் பிற்பகல். ஸ்கேன் சென்டரில் கூட்டம் கலைந்திருந்தது. ஒருவருக்கு மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து அனுப்பிவிட்டு இவள் வெளியே வந்தாள். வரிசை நாற்காலியின் ஓரத்தில் கண்ணாடிக்காரி உட்கார்ந்திருந்தாள். கையில் சீட்டும் இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. இவளைக் கண்டதும் எழுந்தாள்.

“அக்கா, நான் பாஸாயிட்டேன்” என்றாள், குரல் கம்ம.

“கேள்விப்பட்டேன். முதல் மார்க்காமே.”

“ஆமாக்கா.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை. “கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சீக்கிரம் போகணும். நீங்க ஃபெயிலானீங்களே... அது எப்படிக்கா? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்.”

இவள் கண்ணாடிக்காரியின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.