கல்மண்டபத்து கேரம் கிளப்

மதுவிலக்கு வந்து நாலு வருஷமாகியும் ராயபுரத்தில் குடிக்கிறவன் குறையவில்லை, ஒளிந்துகொண்டான், அவ்வளவுதான். சாராயம் சைக்கிள் ட்யூபில் வந்தது. அதுவும் கிடைக்காத நாளில் மருந்துக்கடையில் போதை ஏற்றுகிற இஞ்சி டிங்சர் இருந்தது. சர்க்கார் கணக்கில் பட்டணத்தில் குடிகாரனே கிடையாது. இல்லாதவனுக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்?

சுயம்புவின் சங்கடம் இதுதான். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து, அண்ணன் வெள்ளத்துரையின் மளிகைக் கடையில் தராசு பிடிக்கிறவன். பெண்டாட்டி செல்லக்கனி மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "குடிய விட்டுட்டீயன்னு ஒங்க அண்ணன் வாயால சொல்லட்டும். மறு ரயில்லயே வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் வாய்ச்சொல் அவளிடம் எப்போதோ செல்லாக்காசாகிவிட்டது.

திருவொற்றியூர் கோயிலில் சத்தியம் செய்து பார்த்தான். பிரசவ வைராக்கியம், அந்த வாரமே போயிற்று. மதுவிலக்குப் பிரசாரக் கூட்டத்துக்கும் போனான். மேடையில் இருந்தவர்கள் காபியைத் தவிர ஒன்றையும் தொடாத புண்ணியவான்கள். அவர்கள் பேசப் பேச, தான் மனிதப் பிறவியே இல்லை என்று தோன்றியது. கூட்டத்துக்கு நடுவில் வருகிற தனிமை, வெறும் வீட்டில் இருக்கிற தனிமையைவிடப் பொல்லாதது.

கடைக்கு மூட்டை இறக்க வருகிற லியாகத் அலிதான் அவன் கை நடுக்கத்தைக் கவனித்தவன்.

"நாயித்துக்கெயம சாய்ங்காலம் கல்மண்டபத்தாண்ட கேரம் கிளப்புக்கு வா, மாமு. ஆடத் தெர்லன்னாலும் பரவால்ல. குடிய வுடறவங்கோ வர்ற எடம்."

அதற்குமேல் அவன் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சுயம்பு போனபோது லியாகத் அங்கே இல்லை. துறைமுகத்தில் கப்பல் வேலை. ஐஸ் கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை, ஒரு கேரம் பலகை, சுற்றி ஏழெட்டுப் பேர். மூத்தவரான ஷாகுல் ஹமீது, படகில் சரக்கு ஏற்றிப் பிழைத்தவர், உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பிறகு காய் தட்டிக்கொண்டே பேச்சு ஆரம்பித்தது.

"என் தோஸ்து ஒர்த்தன் வூட்ல இருந்த பித்தளை அண்டாவ வித்துக் குட்ச்சிட்டான்."

"என் தோஸ்து புள்ள கல்யாணத்தன்னிக்கு சாக்கடைல வியுந்து கெடந்தான். புள்ளயே தாண்டிப் போச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். சுயம்பு டீயைக் கீழே வைத்தான். தன்னைப்போல் நாலு பேர் இருப்பார்கள் என்று நம்பி வந்தால், இங்கேயும் ஊரான் மானத்தை அவலாக மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பொறுக்க முடியாமல் எழுந்தான்.

"அடுத்தவன் குடிச்ச கதையப் பேசத்தான் கூடுதீயளா? நான் குடிக்கேன். நேத்தும் குடிச்சேன். எங்கிட்டப் பேசுங்க."

பலகையில் ஓடிய காய் நின்றது. ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் சட்டையை மாட்டினார், இன்னொருவர் சைக்கிளை எடுத்தார். கடைசியாக ஷாகுல் ஹமீதும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கொட்டகையில் சுயம்புவும் ஆறின டீயும்தான் மிச்சம்.

மறு ஞாயிறு கொட்டகைக்குப் பூட்டு. நடந்ததைக் கேட்டு லியாகத் தலையில் அடித்துக்கொண்டான்.

"பேஜார் பண்ட்டியே, மாமு. அங்க எவனும் நான்னு சொல்ல மாட்டான். நாலு பேர் முன்னாடி சொன்னா போலீசு உள்ள வெச்சிரும். அத்தொட்டு, அல்லாரும் தோஸ்துன்னு சொல்லி அவனவன் கதையத்தான் சொல்வாங்கோ. நானும் குடிக்கிறேன்னு சொல்லி வாயப் புடுங்க வந்த மப்டி போலீசுன்னு உன்ன நென்ச்சிகினாங்கோ. நான் போய்ச் சொல்லிப் பாக்கறேன்."

அண்டாவை விற்றவன் யார், சாக்கடையில் கிடந்த அப்பன் யார் என்று சுயம்புவுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் ஒரு வாய் இத்தனை பேருடைய போக்கிடத்தை அடைத்துவிட்டதே என்று அவமானமாக இருந்தது. அன்றைக்கும் குடித்தான். அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளிலும் போய்ப் பார்த்தான். பூட்டு அப்படியேதான் தொங்கியது.

ஒரு வியாழக்கிழமை காலை, கடையில் கூட்டமில்லாத நேரம், ஷாகுல் ஹமீது கருப்பட்டி கேட்டு வந்தார். கல்லாவில் வெள்ளத்துரை உட்கார்ந்திருந்தான். சுயம்பு நிறுத்துப் பொட்டலம் கட்டினான். வாங்கிக்கொண்டவர், தெருவைப் பார்த்தபடியே கேட்டார்:

"உன் தோஸ்து எப்டிக் கீறான்?"

சுயம்பு கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"திங்கக்கெழம தவறிட்டான், பாய். அதுக்கப்புறம் தொடல."

"ஒண்டியாவா கீறான்?"

"ஒத்தையாத்தான் இருக்கான்."

"ஒண்டியா முடியாதுப்பா. என் தோஸ்துக்கே முடியல. நாயித்துக்கெயம தண்டையார்பேட்டை மரவாடிக்குப் பின்னால கூட்டிகினு வா." சில்லறையை வாங்கிக்கொண்டு இறங்கி நடந்தார்.

வெள்ளத்துரை கல்லாவிலிருந்து நிமிர்ந்தான்.

"ஒனக்கு ஏதுல சிநேகிதன்? இந்த ஊர்ல நீ யார்கிட்டயும் பேசி நான் பார்த்ததில்லையே."

சுயம்பு தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

"ஒருத்தன் இருக்கான், அண்ணாச்சி" என்றான். "இன்னைக்குத்தான் அவன ஒரு ஆளு விசாரிச்சிருக்கு."