வலி தொடங்கிய நேரம்

தலைமுடியைச் சுருட்டி வலைக்குள் செருகிக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் அவள் கணவன் தெரிந்தான். குளியலறை வாசலில் தோளில் துண்டோடு நின்று, உள்ளங்கையால் நெஞ்சை மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன?”

“இங்க ஒரு மாதிரி பாரமா இருக்கு.”

“நேத்து எத்தன மணிக்குச் சாப்பிட்டீங்க?”

“பதினொண்ணு இருக்கும். அந்த எட்டு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் நின்னுடுச்சுன்னு போனேன்ல.”

“பதினோரு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தா பாரமா இல்லாம பஞ்சு மாதிரியா இருக்கும்? கேஸ்தான். வெந்நீர் குடிச்சிட்டுக் கொஞ்சம் நடங்க.”

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் கூப்பிட்டா கால் மணி நேரத்துல போய் நிக்கிறேன். கட்டின பொண்டாட்டி நர்ஸு, அவகிட்ட எனக்கு டோக்கன் கெடைக்க மாட்டேங்குது.”

“நடந்து வந்து குறை சொல்றவங்களுக்கெல்லாம் பச்சை அட்டைதான். ஓரமா உக்காருங்க.”

“சரிங்க சிஸ்டர்” என்று தலையைத் தாழ்த்தி வணங்கினான்.

அட்டை அவளுடைய வேலை. மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் ஒரு மேசை. அதன் பின்னால் பதினோரு வருடங்களாக அவள். வருகிறவரை ஒரு பார்வை பார்த்து, நாடி பிடித்து, இரண்டு கேள்வி கேட்டு, மணிக்கட்டில் ஓர் அட்டை கட்டுவாள். சிவப்பு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சைக்காரர்கள் பெஞ்சில் உட்கார வேண்டும். அவள் கட்டிய அட்டையை மருத்துவர்கள் மாற்றியதில்லை. வீட்டில் மட்டும் யாருக்கும் அவள் பச்சைக்கு மேல் கொடுத்ததில்லை. தலைவலி, காய்ச்சல், மாமியாரின் முழங்கால் எல்லாமே பச்சை. தினமும் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மற்றதெல்லாம் சில்லறையாகத் தெரியும்.

ஒரு கையில் பை, ஒரு கையில் சாப்பாட்டு டப்பா. பேருந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது. அவன் நெற்றியில் ஈரம் மின்னியதைப் பார்த்தாள். குளித்த ஈரம் என்று நினைத்தாள். மாமியார் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். “வர்றேன் அத்தை” என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு ஓடினாள். அப்போது மணி ஆறரை.

பாதி வழியில், பேருந்துக் கம்பியைப் பிடித்து நின்றபோது, தோளில் கிடந்த துண்டு காய்ந்த துண்டு என்பது ஞாபகம் வந்தது. அவன் இன்னும் குளித்திருக்கவில்லை. ‘இறங்கினதும் ஒரு போன் போடணும்’ என்று எண்ணினாள். இறங்கியதும் வாசலில் விபத்தில் அடிபட்டவர்களோடு ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. பிறகு அதை மறந்துவிட்டாள்.

பத்தே முக்காலுக்கு ஒருவன் வெட்டுப்பட்ட விரலைக் கைக்குட்டையில் சுற்றி அவள் மேசை முன் நின்றிருந்தான். அவனுக்குப் பச்சை அட்டை கட்டிவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாடகைக் கார் ஒன்று நின்றது. முதலில் அத்தை இறங்கினார். அடுத்து அவன். அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தான். முகம் சாம்பல் பூசியது போல இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

அவள் சக்கர நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடினாள். மணிக்கட்டைப் பிடித்தபோது விரலுக்கடியில் நாடி நூல் போல ஓடியது. சிவப்பு அட்டையைக் கட்டும்போது முடிச்சு விழவில்லை. இரண்டு முறை கட்டினாள்.

“உடனே குடுத்திட்டியே” என்றான்.

“பேசாதீங்க.”

உள்ளே அன்று பொறுப்பில் இருந்தவர் ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த இளைஞர். எல்லோருக்கும் அவர் சின்ன டாக்டர். அட்டை கட்டுவதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அவர் படுக்கையின் மேல் குனிந்தார். “வலி எப்ப ஆரம்பிச்சுது சார்?”

அவன் பதில் சொல்லும் முன் டாக்டரின் தோளுக்கு மேல் அவளைப் பார்த்தான். சுற்றிலும் அவளுடைய ஆட்கள். அவளிடம் வேலை பழகும் நர்ஸ், ஆக்சிஜன் உருளையைத் தள்ளிவரும் உதவியாளர், இந்தச் சின்ன டாக்டர்.

“இப்பத்தான் டாக்டர். அரை மணி நேரம் இருக்கும்.”

“ஆமா டாக்டர்” என்றார் அத்தை, திரைச்சீலையைப் பிடித்தபடி. “பத்தே காலுக்குத்தான் எங்கிட்டச் சொன்னான். செருப்புகூட மாட்டாம கார் பிடிச்சிட்டேன்.”

டாக்டர் அதை எழுதினார். அத்தையை வெளியே உட்காரச் சொன்னார்கள். அவள் அவனுடைய சட்டையைக் கத்தரித்துத் திறந்து, மார்பில் ஈ.சி.ஜி. பட்டைகளை ஒட்டினாள். வியர்வையில் ஒன்றும் ஒட்டவில்லை. துடைத்துத் துடைத்து ஒட்டினாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு பட்டை ஒட்டி முடிக்கும்வரை அந்த ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்பது போல மெல்லத் தலையை அசைத்தான்.

இயந்திரத்திலிருந்து தாள் நெளிந்து வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். “அரை மணி நேரத்துல இவ்வளவு பாதிப்பு வராதே சிஸ்டர்.”

“ஆறரைக்கு” என்றாள்.

“என்னது?”

“காலைல ஆறரைக்கே ஆரம்பிச்சிடுச்சு. எங்கிட்டச் சொன்னார். கேஸ்னு சொல்லிட்டு டியூட்டிக்கு வந்துட்டேன்.”

பழகும் நர்ஸ் ஊசிக்குழலில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தவள், ஒரு கணம் நிறுத்திவிட்டு மீண்டும் ஏற்றினாள். டாக்டர் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார்.

“இல்ல டாக்டர்” என்றான் அவன். மூச்சு வாங்கியது. “அவளுக்குத் தெரியாது. நான் அவகிட்டச் சொல்லவே இல்ல.”

அதன் பிறகு அவன் எதுவும் பேசவில்லை. கண்கள் மேலே செருகின. மானிட்டர் திரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கோடு, சின்னக் குழந்தை கிறுக்கியதைப் போல ஆனது.

அவள் கைகள்தான் முதலில் போயின. படுக்கையைத் தாழ்த்தக்கூட நேரமில்லாமல் கட்டிலடியில் இருந்த சின்ன ஏறுபடியைக் காலால் இழுத்து ஏறி நின்று, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டிலோ பதின்மூன்றிலோ உள்ளே ஏதோ முறிந்தது. அது விலா எலும்பு. சரியாக அழுத்தினால் அது முறியும் என்று பழக வருகிறவர்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். பயப்படாதீங்க, நிறுத்தாதீங்க என்று சொல்லியிருக்கிறாள்.

“சிஸ்டர், நான் பண்றேன், இறங்குங்க.”

“பதினெட்டு, பத்தொன்பது...”

“சிஸ்டர்!”

“இருபது, இருபத்தொண்ணு...”

“அக்கா” என்றார் டாக்டர். அதற்கு முன் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. “இறங்குங்க அக்கா. வெளிய இருங்க.”

வெளியே பெஞ்சில் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போய் அமர்ந்தாள்.

“என்ன பண்றாங்க?”

“பார்த்துட்டிருக்காங்க அத்தை.”

அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம் பதினோரு வருடங்களாக அவள் சொல்லி வந்த வாக்கியம் அது. அதில் பொய் எதுவும் இல்லை.

கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே நடப்பதெல்லாம் அவளுக்குக் கேட்டது. எண்ணுவது நின்றால் மின்னதிர்ச்சி. “எல்லாரும் விலகுங்க.” ஒரு பொத் சத்தம். உடனே மறுபடியும் எண்ணுவது. அது தொடர்ந்தால் இதயம் திரும்பவில்லை என்று அர்த்தம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுகிற குரல் மாறியது. பழகும் நர்ஸ், உதவியாளர், டாக்டர், மறுபடி நர்ஸ். நான்கு அதிர்ச்சிவரை அவள் கணக்கு வைத்தாள். ஐந்தாவது வரவில்லை. அது நல்லதற்கல்ல என்று அவளுக்குத் தெரியும். அதிர்ச்சி கொடுக்கக்கூட அங்கே துடிப்பு இல்லை. கோடு நேராகிவிட்டது.

“நல்ல வேளை” என்றார் அத்தை. “சொன்ன உடனே கிளம்பினோம். வேற ஒருத்தியா இருந்தா கஷாயம் போட்டுக் குடுத்துப் படுக்க வச்சிருப்பா. நீ எப்பவும் சொல்லுவியே, நெஞ்சுவலின்னா யோசிக்காதீங்கன்னு. அதான் மனசுல வந்துச்சு.”

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் வெட்டுப்பட்டவன் கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தான். “சிஸ்டர், என்னை எப்ப கூப்பிடுவாங்க? ரத்தம் நிக்கவே மாட்டேங்குது.”

“மேல தூக்கியே பிடிங்க. கூப்பிடுவாங்க” என்றாள். வாய் தானாகச் சொன்னது.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. டாக்டரின் சட்டை நனைந்திருந்தது. அவளை மட்டும் பக்கத்தில் அழைத்தார்.

“நாப்பது நிமிஷம் ஆச்சு அக்கா. மருந்து எல்லாம் குடுத்தாச்சு. நீங்க சொன்னா இன்னொரு சுற்று பண்றோம்.”

கதவு இடுக்கில் நர்ஸின் முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது. களைத்துப்போன முதுகு. வேறு யாருடைய கணவனாக இருந்தாலும் இந்த இடத்தில் டாக்டருக்குக் கண்ணால் ஜாடை காட்டுகிறவள் அவள்தான். இன்னொரு சுற்று என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொன்னால் செய்வார்கள். அவளுக்காகச் செய்வார்கள். அவனுக்காக அல்ல.

“அவங்கம்மா உள்ள வரட்டும். அப்புறம் நிறுத்திடுங்க.”

அத்தைக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய், கூட்டமாக இருந்த தலைப்பக்கத்தை விட்டுவிட்டு, காலடியில் நின்று இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். நர்ஸ் கையை எடுத்தாள். டாக்டர் நேரம் சொன்னார். அறைக்குள் யாரோ இருமினார்கள்.

“கால் ஜில்லுனு இருக்கு” என்றார் அத்தை.

பிறகு எழுத்து வேலை வந்தது. டாக்டர் அவளுடைய மேசையில் உட்கார்ந்து இறப்புக் காரணப் படிவத்தை எழுதினார். பெயர், வயது, விலாசம். காரணம் என்ற கட்டத்தில் மாரடைப்பு. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் பேனா நின்றது. நோய் தொடங்கியதிலிருந்து இறப்புவரை கழிந்த காலம்.

“அக்கா” என்றார் தாழ்ந்த குரலில். “அவர் சொன்னத வச்சு ஒரு மணி நேரம்னு எழுதட்டுமா? தாள்ல என்ன இருந்தா யாருக்கு என்ன?”

“அவர் சொன்னது எனக்காகச் சொன்னது.”

“தெரியும்.”

“நான் சொன்னத எழுதுங்க.”

அவர் எழுதினார். முத்திரை குத்தி, ஊதி, மடிக்காமல் கொடுத்தார்.

உடலைக் கொண்டுபோக வண்டி வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். நடைக்கூடத்தின் கோடியில், ஜன்னலோரம் இருந்த இரண்டு நாற்காலிகளில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்தார்கள். வெளியே யாரோ ஒரு காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தான். அத்தை அழவில்லை. வெறும் பாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தார்.

“வலிச்சிருக்குமா?”

“கடைசில இல்ல அத்தை. கடைசில நினைவு இல்ல.”

“ம்.”

அத்தை கையை நீட்டினார். அவள் படிவத்தைக் கொடுத்தாள். அவர் அதைத் தூரமாக வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

“கண்ணாடிய எடுக்காம ஓடி வந்துட்டேன். என்ன எழுதியிருக்குன்னு வாசி.”

அவள் வாசித்தாள். அவன் பெயர். வயது நாற்பத்தொன்று. வீட்டு எண், தெரு. இறந்த நேரம் பதினொன்று முப்பத்திரண்டு. காரணம் மாரடைப்பு. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அடுத்த கட்டத்தைத் தாண்டி டாக்டரின் கையெழுத்துக்குப் போயிருக்கலாம். கண்ணாடி இல்லாத அத்தைக்கு எழுத்து ஒரு கறுப்புக் கோடாகத்தான் தெரியும்.

“நோய் தொடங்கியதிலிருந்து இறப்பு வரை” என்று வாசித்தாள். “ஐந்து மணி நேரம்.”

அத்தை ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்தார்.

“பத்தே காலுக்குத்தானே எங்கிட்டச் சொன்னான்.”

“ஆறரைக்கே எங்கிட்டச் சொன்னார் அத்தை. நான் கேஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

வெளியே கார் ஒருவழியாகத் திரும்பிப் போயிருந்தது. கூடத்தில் தரை துடைக்கிறவர் வாளியை நகர்த்திக்கொண்டே அவர்களைத் தாண்டிச் சென்றார். அவர் மூலையில் திரும்பி மறைந்தார்.

“மறுபடி வாசி” என்றார் அத்தை. “மேலேருந்து.”

அவள் தாளை நேராகப் பிடித்தாள். அவன் பெயரை வாசித்தாள். வயதை வாசித்தாள். வீட்டு எண்ணை, தெருவை, நேரத்தை, காரணத்தை வாசித்தாள். பக்கத்துக் கட்டத்துக்கு வந்தாள். அங்கே அப்போதும் ஐந்து மணி நேரம் என்றுதான் எழுதியிருந்தது.