இருபத்தாறாவது கிலோமீட்டர்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். என் மனைவிக்கு அது எங்கே இருக்கிறதென்று கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகத் தேடுகிறேன், இன்னும் கண்ணில் படவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பால்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லோரும் அவளை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். விதிவிலக்கு நான் ஒருவன்தான். நான் கார்களுக்கும் வண்டிகளுக்கும் சீட் கவர் தைக்கிறவன். வீட்டின் முன்னறைதான் என் கடை. பக்கத்தில் ஒரு கார் நிற்கிற அளவுக்குக் கொட்டகை இருக்கிறது. கார் கிடையாது. அவளுடைய பைக் நிற்கிறது.

பைக் என்றதும் கடைகண்ணிக்குப் போகிற வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்தது. அகலமான டேங்க், முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டிகள். இருபது வருடப் பழசு. போன வருடம் அதை அவள் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது, “இது வண்டியா, வாடகை வீடா?” என்று கேட்டேன். அவள் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றினாள். அவள் எடைக்கு நான்கு மடங்கு இருக்கும் அது. அவள் முக்கவும் இல்லை, முனகவும் இல்லை. பாதத்தை ஸ்டாண்டின் மேல் வைத்து உடம்பைச் சாய்த்தாள், வண்டி தானாக எழுந்து உட்கார்ந்தது.

“படுத்த பேஷன்ட்டத் திருப்பிப் போடுற மாதிரிதாங்க. கையால இழுத்தா நம்ம இடுப்புதான் போகும்” என்றாள்.

அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு வாக்கு இருந்தது. நர்ஸ் படிப்பின்போது விடுதியில் அவளும் ஒரு தோழியும் ஒரே அறை. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு பைக் படத்தை ஒட்டி வைத்திருந்தார்களாம். யார் முதலில் வாங்குகிறார்களோ அவர்கள் மற்றவள் வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பேச்சு. தோழி இப்போது மலைக்கு அந்தப் பக்கம், எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள். பார்த்துப் பத்தொன்பது வருடம் ஆயிற்று. இந்த மாதக் கடைசியில் வெளிநாட்டில் மகனிடம் போய்விடுகிறாள், திரும்பி வருவதாக இல்லை. என் மனைவி கெஞ்சிக் கூத்தாடி எட்டு நாள் லீவு வாங்கியிருந்தாள்.

“பஸ்ல போயேன்” என்றேன்.

“பஸ்ல போனா போய்ச் சேருவேன். போன மாதிரி இருக்காது.”

தனியாகப் போகிறாள். மலைப்பாதை. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் என் பயம் வாய் வழியாக வராது, கை வழியாகத்தான் வரும். இரண்டு வாரம் உட்கார்ந்து அவளுக்கு டேங்கின் மேல் வைக்கிற ஒரு பை தைத்தேன். மழைத்தண்ணீர் மூடி வழியாக டேங்குக்குள் இறங்கினால் வண்டி நடுவழியில் நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் பையின் அடியில், டேங்க் மூடியைச் சுற்றிக் கச்சிதமாக உட்காருகிற மாதிரி வளையல் தடிமனில் ஒரு ரப்பர் வளையத்தை ஒட்டித் தைத்தேன். நான்கு வார்ப்பட்டையை இழுத்துக் கட்டினால் இம்மி அசையாது. என் தொழிலில் அதைப் போல ஒரு வேலை நான் செய்ததில்லை.

“ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது. தண்ணி என்ன, காத்து கூட நுழையாது!” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

லீவுக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. முதல் ஞாயிறு டேங்கை நிரப்பிக்கொண்டு, பெட்டி பையெல்லாம் கட்டிக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பினாள். இருபத்தாறாவது கிலோமீட்டரில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறதா என்று பையைக் கழற்றி மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாள், இருந்தது. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது, வீடு வந்து சேர்ந்தாள். இரண்டாவது ஞாயிறும் அதே கதை, இருபத்தெட்டில்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவையும் அவள் போனில் “வண்டி நின்னுடுச்சுங்க” என்றபோது எனக்குள் குளுகுளுவென்று ஒரு நிம்மதி பரவியது. வண்டியே வேண்டாம் என்கிறது, நான் எதற்குக் கெட்ட பேர் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் ஒரு தடவை நின்றால் பயணத்தையும் விட்டுவிடுவேன், வண்டியையும் கொடுத்துவிடுவேன் என்று அவளே சொல்லியிருந்தாள்.

நிம்மதி ஒரு பக்கம் இருந்தாலும், அவள் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பிளக்கை மாற்றினேன். பேட்டரியை மாற்றினேன். முன்னால் வைத்திருந்தவனைத் திட்டினேன், பெட்ரோல் பங்க்கைத் திட்டினேன். ஆடத் தெரியாதவனுக்கு மேடை எப்போதும் கோணல்தானே.

அவள் யாரையும் திட்டவில்லை. ஒரு நோட்டில் கட்டம் போட்டாள். நாள், நேரம், எத்தனையாவது கிலோமீட்டர், வெயிலா மேகமா, டேங்கில் எவ்வளவு, நிற்கும்முன் என்ன சத்தம், திரும்ப எப்படிக் கிளம்பியது, திரும்பும்போது எப்படி இருந்தது. கடைசிக் கட்டத்துக்கு மேலே ‘காரணம்’ என்று எழுதிக் காலியாக விட்டிருந்தாள்.

“வண்டிக்குக் கேஸ் ஷீட்டா? அடுத்து என்ன, ஜுரம் பாக்கப் போறியா?” என்று சிரித்தேன்.

“ஆமா, அதுவும் பாத்தேன்” என்று காட்டினாள். நின்ற நேரத்தில் இஞ்சின் சூடு காட்டும் முள் எங்கே இருந்தது என்பதுகூட அதில் இருந்தது.

மூன்றாவது வாரம் மாலைகளில் கார்புரேட்டரைக் கழற்றினாள். டேங்கிலிருந்து இறங்கும் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குக் கொடுப்பது அதுதான். என் வெட்டுத்துணியை விரித்து, ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஸ்டீல் தட்டுகளை வரிசையாக வைத்தாள். கழற்றிய ஒவ்வொரு திருகும் கழற்றிய வரிசையிலேயே உட்கார்ந்தது. தலைமுடி நுழைகிற துளைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஊதினாள். எண்பது கட்டிலுள்ள வார்டில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த கை அது, ஒரு தடவை கூட நடுங்கவில்லை. நான் பாபினில் நூல் சுற்றுகிற சாக்கில் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலை தெரிந்த ஒருத்தர் வேலை செய்வதைப் பார்ப்பதைவிட அழகான காட்சி உலகத்தில் இல்லை, அது சொந்தப் பெண்டாட்டியாக இருந்துவிட்டால் கொஞ்சம் கர்வமும் வந்துவிடுகிறது.

தெருமுனை மெக்கானிக்கும் வந்து பார்த்தார். ஸ்க்ரூடிரைவரை இஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பதால் அவருக்கு ‘டாக்டர்’ என்று பட்டம்.

“சிஸ்டர், என்னை விட சுத்தமா வச்சிருக்கீங்க. இதுல ஒரு குத்தமும் இல்ல” என்றார்.

“அப்புறம் ஏன் நிக்குது டாக்டர்?”

“அதுதான் எனக்கும் பிடிபடல.”

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, கொட்டகையில் முக்கால் மணி நேரம் ஓட விட்டாள், நிற்கவில்லை. அடுத்த நாள் வெறும் வண்டியில் நாற்பது கிலோமீட்டர் சுற்றி வந்தாள், அப்போதும் நிற்கவில்லை. டாக்டர் தலையைச் சொறிந்தார். அவள் நோட்டை விரித்து வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரியில நல்லா இருக்கான், வீட்டுக்குப் போனா விழுந்துடுறான்னா, அவன் வீட்ல என்ன இருக்குன்னு பாக்கணும்” என்றாள். “ஞாயித்துக்கிழமை அன்னிக்குக் கட்டின மாதிரியே எல்லாத்தையும் கட்டிப் பாக்கலாம். நீங்களும் வாங்க.”

“நான் எதுக்கு?”

“சத்தம் கேக்க ஒரு ஆள் வேணும்.”

மூன்றாவது ஞாயிறு காலை கிளம்பினோம். பெட்டிகளில் அதே துணிமணிகள், அதே தண்ணீர் பாட்டில்கள், டேங்கின் மேல் என் பை. ஊரைச் சுற்றிப் போகிற சாலையில் ஒரு சுற்று எட்டு கிலோமீட்டர். எங்கே நின்றாலும் தள்ளிக்கொண்டு வீடு வந்துவிடலாம் என்று கணக்கு. பின்னால் உட்கார்ந்து நான் அவள் ஓட்டுவதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வளைவு வரும் முன்பே அவள் கண் வளைவைத் தாண்டிப் போய்விடும். லாரி ஒதுங்குவதற்கு முன்பே இவள் வேகத்தைக் குறைத்திருப்பாள். மூன்று வாரமாக நான் பயந்துகொண்டிருந்தது யாருக்காக என்று எனக்கே வெட்கமாக இருந்தது. முதல் சுற்றில் அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தவன், இரண்டாவது சுற்றில் கையை எடுத்து என் தொடையில் வைத்துக்கொண்டேன்.

நான்காவது சுற்று தொடங்கிய கொஞ்ச தூரத்தில் வண்டி இருமியது. ஓரம் கட்டினாள். நின்றுவிட்டது. கிலோமீட்டர் கணக்கு இருபத்தாறைத் தாண்டவில்லை.

போச்சு என்று நினைத்தேன். இந்தத் தடவை நிம்மதி வரவில்லை.

அவள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். “காதைக் கிட்ட கொண்டு வாங்க” என்றாள். நான்கு வார்ப்பட்டையையும் அவிழ்த்துப் பையைத் தூக்கினாள். ரப்பர் வளையம் டேங்கிலிருந்து ‘ப்ச்’ என்று முத்தம் கொடுத்துவிட்டுப் பிரிந்தது. அதன்பின் மூடியிலிருந்து வந்தது அந்தச் சத்தம். ஸ்ஸ்ஸ் என்று மெல்லியதாக, நீளமாக, காற்று உள்ளே போகிற சத்தம்.

அந்தச் சத்தத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இறுக்கித் தைத்த ரெக்சின் மெத்தையை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் அது தையல் வழியாக மூச்சு வாங்கும், அதே சத்தம்தான். அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இரண்டு நிமிடம் கழித்து பட்டனை அமுக்கினாள். முதல் அமுக்கிலேயே வண்டி உயிர் பெற்றது.

“பழைய கண்ணாடி பாட்டில்ல குளுக்கோஸ் ஏத்தும்போது மேல தனியா ஒரு ஊசி குத்துவோம். காத்து உள்ள போனாத்தான் மருந்து கீழ எறங்கும். இல்லேன்னா சொட்டுச் சொட்டா கொறைஞ்சு நின்னுடும்” என்றாள். “மூடியில அதுக்குத்தான் ஒரு சின்னத் துளை வச்சிருக்கான். டேங்க் நிறைய இருந்தா இன்னும் சீக்கிரம் நிக்கும்.”

பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீடு வந்ததும் நோட்டை எடுத்தாள். அன்றைய கட்டங்களை நிரப்பிவிட்டு நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள். ‘காரணம்’ மட்டும் காலியாக இருந்தது. மேலே முந்திய இரண்டு வரிகளிலும் அவள் கையெழுத்தில் இருந்ததை அப்போதுதான் படித்தேன்: “திரும்பும்போது தொல்லை இல்லை. பை பின்சீட்டில்.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“சந்தேகம்தான் இருந்துச்சு.”

“அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!” கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“நோய் என்னன்னு பேஷன்ட்டே கண்டுபிடிச்சா பத்தியம் ஒழுங்கா இருப்பான்” என்று சிரித்தாள். “நான் சொல்லியிருந்தா பையைக் கிழிச்சு எறிஞ்சிருப்பீங்க. எனக்கு அந்தப் பை வேணும்.”

நான் எழுதினேன்: ‘நான் தைத்த பை’. எழுதிய கையோடு மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். “வண்டி நின்னப்பல்லாம் எனக்கு உள்ளூர நிம்மதியா இருந்துச்சு. நீ போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.”

“தெரியும்” என்றாள். “போன்ல உங்க குரல்லயே தெரிஞ்சுது. ஆனா வேண்டிக்கிட்டே பிளக்க மாத்தினீங்க பாருங்க, பேட்டரிய மாத்தினீங்க பாருங்க. அதையும்தானே நான் பாத்தேன்.”

பையை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனேன். வளையத்தை முழுசாகப் பிய்த்துவிட்டு, மூடிக்கு மேல் ஒரு விரல் இடைவெளி விட்டு அடியைத் திருப்பித் தைத்தேன். நல்ல வேலையைக் கெடுக்கிறோமே என்று கை கூசியது, ஆனாலும் செய்தேன்.

“மழை பெஞ்சா?” என்று கேட்டேன்.

“நனைவேன்” என்றாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டாள். டாக்டர் வந்து கையசைத்தார். சாயங்காலம் போய்த் தங்குகிற இடத்திலிருந்துதான் பேசுவேன் என்று சொல்லியிருந்தாள். நான் ஒரு வேன் சீட்டை வெட்ட உட்கார்ந்தேன். துணியில் ஒரு கண், சுவர்க் கடிகாரத்தில் ஒரு கண். பத்து கிலோமீட்டர் போயிருப்பாள், இருபது போயிருப்பாள் என்று மனம் ஓடியது. முக்கால் மணி நேரத்தில் போன் அடித்தது. அவள்தான். கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது.

“என்ன ஆச்சு? நின்னுடுச்சா?”

“நிக்கலங்க. நான்தான் நிறுத்தினேன்” என்றாள். பின்னால் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. “முப்பத்தொண்ணு. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

“சொல்லிட்டேல்ல? அப்புறம் என்ன ரோட்டோரம் நின்னுக்கிட்டு? வெயில் ஏறப் போகுது, கெளம்பு! நிக்காத, போ!” என்று கத்தினேன்.

வண்டி நிற்க வேண்டும் என்று மூன்று வாரமாக வேண்டிக்கொண்டிருந்த அதே வாய்தான் அது. அவள் சிரிப்பதும், ஒரே அமுக்கில் வண்டி கிளம்புவதும் போனில் கேட்டது. சத்தம் தேய்ந்து அவள் போனை வைக்கும்வரை காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.