மாப்பிள்ளைக்கு மஞ்சள் வேண்டாம்

துஷாந்தியின் மாப்பிள்ளை சாப்பிட்டு நாற்பத்தொரு நாளாகிவிட்டது. மாப்பிள்ளை என்றால் ஒரு கை நீளத்துச் சின்ன மலைப்பாம்பு. லியோன் நகரத்துக்குக் குடிபோன சிநேகிதி ஆலீஸ் விட்டுவிட்டுப் போனது. முப்பத்தாறு வயதில் கலியாணம் வேண்டாமென்று நிற்கிறவள் பாம்பு வளர்க்கிறாளாம் என்று லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் கடைக்குக் கடை சிரித்தார்கள். "ஓம், இவர்தான் மாப்பிள்ளை" என்று அவளே பெயரையும் வைத்துவிட்டாள்.

ஆலீஸ் உயிர் எலிதான் கொடுத்து வந்தாள். ஒருநாள் எலி திருப்பிக் கடித்த தழும்பு பாம்பின் கண்ணுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. மூலையில் ஒடுங்கி அந்த எலி கீச்சிட்டதையும் துஷாந்தி பார்த்திருந்தாள். தன் அறையில் அது நடக்காது, செத்த எலிதான் என்று அன்றே முடிவெடுத்தாள்.

வீடு அண்ணன் குலசேகரத்தின் பெயரில் இருந்தது.

"பாம்பு உயிரோடை பிடிச்சுத்தான் தின்னும். ஞாயிறு வரைக்கும் பாப்பன். தின்னாட்டி நானே உயிர் எலி வாங்கியந்து விடுவன். இல்லாட்டி உந்தப் பாம்பை ஆருக்கும் குடு."

"உயிர் எலியும் வராது, அவரும் போகார், அண்ணை."

"அப்ப பட்டினி கிடந்து சாகட்டும் எண்டுறியோ?"

பாம்பின் முதுகெலும்பு தெரியத் தொடங்கியிருந்தது.

ஞாயிறு மத்தியானம் எலியை இடுக்கியில் பிடித்துப் பெட்டிக்குள் ஆட்டினாள். மாப்பிள்ளை நாக்கை நீட்டியது, தலையைத் திருப்பிக்கொண்டது. இது ஏழாவது எலி. கெடு முடிந்ததென்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்த குலசேகரம் குனிந்து பார்த்தார்.

"எடியே, எலி ஏன் மஞ்சளாயிருக்கு?"

"கழுவினனான்."

"என்னத்தாலை?"

"மஞ்சளும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத்தான். பின்னை, இறைச்சியைக் கழுவாமலே குடுக்கிறது?"

லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடையில் பதினொரு வருடமாக இறைச்சி கழுவுகிற கை அது.

குலசேகரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கறிக்கு அடுப்பு மூட்டட்டோ? எலி மணமே இல்லையடி! எங்கடை குசினி மணமல்லோ வருது!"

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். நாக்கால் மணம் பிடிக்கிற பிராணி. ஏழு எலியையும் தேய்த்துத் தேய்த்து அந்த மணத்தைக் கழுவிக் கொட்டியது அவள்தான்.

பிரிட்ஜில் உருக வைத்த இன்னொரு எலி இருந்தது. எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனதும் கை தானாகத் தட்டிலிருந்த மஞ்சள்தூள் பேணிக்குப் போயிற்று. பேணியைத் தூக்கிப் பின்னால் வந்த அண்ணன் கையில் திணித்தாள்.

"இதை நீங்கள் பிடியுங்கோ. எனக்குத் தரவேண்டாம்."

எலியைப் பையோடு சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கினாள். கழுவாத இறைச்சி. உடம்பெல்லாம் கூசியது. மறுபடி இடுக்கி, மறுபடி மெல்ல ஓர் ஆட்டம். நாக்கு வந்தது. இன்னொரு தடவை வந்தது. பிறகு படாரென்று ஒரே பாய்ச்சல். மாப்பிள்ளை எலியை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியது.

"செத்ததையெல்லோ தின்னுது..." குலசேகரம் பேணியோடு நின்றார்.

"ஓம். கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ, அண்ணை. மாப்பிள்ளை சாப்பிடேக்கை ஆரும் வாய் பாத்துக்கொண்டு நிக்கிறேல்லை."