பீரோவுக்குப் போகாத ஃபைல்

டெமோ கிளாஸ் முடிந்ததுமே வேலை தனக்குத்தான் என்று ஜெஸ்ஸிக்குத் தெரிந்துவிட்டது. மாமல்லபுரத்தைத் தாண்டி, கடலைப் பார்த்துக் கட்டிய தனியார் பல்கலைக்கழகம். புள்ளியியல் துறைக்கு உதவிப் பேராசிரியர் எடுக்கிறார்கள்.

"கோவளத்துல வீடு வீடா கணக்கெடுத்தா யாரு விட்டுப்போவாங்க?" என்று கிளாஸில் கேட்டிருந்தாள்.

"கடலுக்குப் போனவங்க மேடம்!" கடைசி பெஞ்சு கத்தியது.

"அப்ப வூட்ல இருந்தவங்கள மட்டும் எண்ணிட்டு ஊர் நெலவரம்னு எழுதினா அது பொய்யி."

துறைத்தலைவர் ஜானகிராமன் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகக் காலம் தள்ளுகிறவள் அவள். கௌரவம் பெயரில் மட்டும்தான். விடுமுறை விட்டால் சம்பளம் கிடையாது. இந்த வேலை கிடைத்தால் அந்தப் பிழைப்பு ஒழியும்.

ஆபீஸ் அறையில் மேனேஜர் பிரபா கையை நீட்டினாள். "ஒரிஜினல்ஸ் எல்லாம் குடுத்துடுங்க மேடம். பத்தாவதுலேர்ந்து பிஎச்.டி. வரைக்கும்."

"பார்த்துட்டுத் தந்துடுவீங்கல்ல?"

"இல்ல மேடம். வேலைய விடறப்பதான் தருவோம். பீரோவுல பத்திரமா இருக்கும்."

செங்கல் சூளைக்காரனும் அதையேதான் சொன்னான். அம்மா ஜாக்குலின் அங்கே மண் மிதித்த காலத்தில் ரேஷன் கார்டை வாங்கிப் பெட்டியில் பூட்டினான். சூளையை விட்டுப் போனால் அரிசி இல்லை. தம்பி காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவர்களால் கிளம்ப முடியவில்லை. சுடாத பச்சைக்கல் சுமந்துவிட்டுத்தான் ஜெஸ்ஸி பள்ளிக்கூடம் போனாள்.

ஃபைலை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "தர மாட்டேன்."

"ஃபார்மாலிட்டிதாம்மா," என்றார் ஜானகிராமன். "நடு செமஸ்டர்ல ஓடிடறாங்க. வாங்கி வைக்க ஆரம்பிச்ச பிறகு ஒருத்தரும் போகலை."

"அவங்க வேலை புடிச்சு இருக்காங்களா, பீரோவுல மாட்டிக்கினு இருக்காங்களா? பூட்டைத் தொறந்து வச்சிட்டு எண்ணிப் பாருங்க சார். அப்ப தெரியும்."

"இப்படிப் பேசினா ஆர்டர் வராது மேடம்," என்றாள் பிரபா.

"தெரிஞ்சுதான் பேசறேன்."

ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னோடதும் அந்த பீரோவுலதாம்மா இருக்கு."

"கேட்டு வாங்குங்க சார். உங்க பேருதானே அதுல போட்டிருக்கு?"

அவர் பிரபாவைப் பார்த்தார். பிரபா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஜெஸ்ஸி எழுந்து வெளியே வந்தாள்.

ஈசிஆர் சாலையில் உப்புக்காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. கல்பாக்கம் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அம்மா கூப்பிட்டாள்.

"இன்னாடி, வேலை கெடச்சுதா?"

"கெடச்சுதும்மா. சர்டிஃபிகேட்ட வாங்கி பூட்டி வைப்பாங்களாம். வேணாம்னுட்டேன்."

நாளைக்கும் அதே கூட்ட பஸ்தான், அதே கல்லூரிதான் என்று அப்போதுதான் ஜெஸ்ஸிக்கு உறைத்தது. மூக்கை உறிஞ்சினாள்.

"ஃபைலு கைல கீதா?"

"கீதும்மா."

"அப்பறம் இன்னாத்துக்கு மூக்க உறிஞ்சிக்கினு நிக்கிற? பஸ்ஸு வந்தா ஏறி வா. கறி எடுத்தாந்து கீறேன்."