மஹ்ஜூபாவின் வலது தோள்

சிகிச்சைக்கு வந்த மூன்றாவது செவ்வாய்க்கிழமையும் மஹ்ஜூபாவின் வலது கை மார்புக்கு நேரே வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு விரற்கடை தூக்கினாலும் தோளுக்குள் யாரோ ஆணி இறக்குவது போலிருந்தது. இயன்முறை சிகிச்சை செய்கிற நஸ்ஹா, கோணத்தை அளந்து தாளில் எழுதிக்கொண்டாள். முகம் சுளிக்கவில்லை, பெருமூச்சும் விடவில்லை. மெக்னெஸ் நகரத்தின் பழைய பேட்டையில் இருந்த அந்தச் சின்ன மருத்துவ நிலையத்தில் மஹ்ஜூபாவுக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான். இன்னொன்றும் உண்டு. தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் "தொடட்டுமா?" என்று அவள் கேட்டுக்கொள்வாள்.

மஹ்ஜூபா இருபத்திரண்டு வருடமாக ஹம்மாமில், அதாவது ஊர்ப் பொது நீராவிக் குளியல் கூடத்தில், பெண்களுக்கு உடம்பு தேய்த்துவிடுகிறவள். கறுப்புச் சோப்பைப் பூசி ஊறவைத்து, சொரசொரப்பான கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு வாரத்து அழுக்கு திரிதிரியாக உருண்டு வரும். யாருக்கு மாமியார் தொல்லை, யாருக்குத் தூக்கமில்லை என்பதை முதுகைத் தொட்டதுமே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கண்ணேறு என்றாள். ஹம்மாம் முதலாளியம்மாள் வயதாகிவிட்டது என்றாள். தோளைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர், தசைநார் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனால் இவ்வளவு வலிக்கக் காரணமில்லை என்றார். பொய்க்காரி என்று முகத்துக்கு நேரே சொன்னதைப் போல அவளுக்குச் சுருக்கென்றது.

"வலி எப்ப ஆரம்பிச்சது லல்லா?" என்று, மூத்த பெண்களை மரியாதையாக விளிக்கும் அந்தச் சொல்லோடு கேட்டாள் நஸ்ஹா.

"ரமலானுக்கு முந்தின மாசம்."

"அந்த மாசம் என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும்? வேலைக்குப் போனேன், வந்தேன்."

நஸ்ஹா துருவவில்லை. கதவைத் தாழிட்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நோயாளிகளுக்கான படுக்கையில் தானே குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"நாலு நாளா எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. ஹம்மாம்ல எப்படித் தேய்ப்பீங்களோ, அப்படித் தேய்ங்க."

"ஐயோ டாக்டரம்மா! வெளியில பதினொரு பேர் உக்காந்திருக்காங்க."

"உக்காந்திருக்கட்டும். இது உங்க நேரம்."

மஹ்ஜூபா இடது கையால்தான் தொடங்கினாள். நாலு இழுப்புக்குள் வலது கையும் தானாக வந்து சேர்ந்துகொண்டது. "இங்க பாருங்க, கல்லு மாதிரி இருக்கு. யாரு உங்கள இப்படி வேலை வாங்குறது?"

"நீங்கதான்," என்றாள் நஸ்ஹா, தலையணைக்குள்ளிருந்து.

இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும் மஹ்ஜூபா ஒரு நீள இழுப்பு இழுத்தாள். எதிர்க் கண்ணாடியில் தன் வலது கை தோளைத் தாண்டி நீண்டு போவதை அப்போதுதான் பார்த்தாள். அந்தக் கை விலாவோரமாக இறங்கி அக்குளுக்குக் கீழே வந்ததும் அப்படியே நின்றது. வலி பிறகுதான் வந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ருக்கையாவுக்கு இங்கதான் இருந்துச்சு," என்றாள்.

நஸ்ஹா எழுந்து வந்து பக்கத்தில், அதே தரையில் உட்கார்ந்தாள்.

ருக்கையாவும் ஹம்மாமில் தேய்க்கிறவள்தான். பதினைந்து வருடச் சிநேகிதம். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் ஒருத்திக்கு ஒருத்தி தேய்த்துக்கொள்வார்கள். அப்படி ஒரு வியாழக்கிழமைதான், ருக்கையாவின் இடது அக்குளில் கொண்டைக்கடலை அளவு ஒரு கட்டி மஹ்ஜூபாவின் விரலில் தட்டுப்பட்டது. "இக்ராம் கல்யாணம் முடியட்டும்," என்றாள் ருக்கையா. "அதுவரைக்கும் உன் வாயிலேர்ந்து ஒரு சொல் வந்தாலும் நான் உனக்குச் செத்தவ." மகளின் கல்யாணம் ஏழு மாதம் கழித்து நடந்தது. ருக்கையா விடிய விடிய ஆடினாள். அடுத்த இரண்டே மாதத்தில், ரமலானுக்கு முந்தின அந்த மாதம், போய்விட்டாள். அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் இந்தக் கைதான். "அம்மா யார்கிட்டயுமே சொல்லலையே சித்தி" என்று இக்ராம் தோளில் விழுந்து அழுதபோது, மஹ்ஜூபா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

"அப்ப என் வலி பொய்யா? எல்லாம் மனசுதானா?" என்று, இதையெல்லாம் சொல்லி முடித்த மஹ்ஜூபா கேட்டாள்.

"யார் சொன்னது? வலி நிஜம். தேய்மானமும் இருக்கு. ஆனா உள்ள ஒண்ணு அடைச்சுக் கிடந்தா, சதை ராப்பகலாக் காவல் நிக்கும். லேசாத் தொட்டாலும் கத்தும். அந்தக் காவலத்தான் கொஞ்சம் கொஞ்சமா இறக்கப் போறோம்."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடவா?"

"அத நான் சொல்லக் கூடாது லல்லா. எனக்குத் தெரிஞ்சது கையும் தோளும்தான்."

அது உண்மையில்லை என்று மஹ்ஜூபாவுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான முதுகுகளைப் பார்த்தவள் அவள். எதுவரை அழுத்தலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்று இவ்வளவு துல்லியமாக அறிந்த இன்னொருத்தியை அவள் சந்தித்ததில்லை.

அதன் பிறகு கை மெள்ள மெள்ள ஏறியது. சில வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். நெற்றியைத் தொட்ட வாரத்தில் அவள் இக்ராமை ஹம்மாமுக்கு அழைத்தாள். அம்மா போனதிலிருந்து அந்தப் பெண் அங்கே காலெடுத்து வைத்ததில்லை.

சூடான அறையில் கூட்டமில்லை. முதுகைத் தேய்த்துக்கொண்டே மஹ்ஜூபா எல்லாவற்றையும் சொன்னாள், கட்டியின் அளவு உட்பட. இக்ராம் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்துபோய்க் குழாயடியில் உட்கார்ந்தாள். வாளி நிரம்பி வழிந்தது, அவள் குழாயை மூடவில்லை. அவள் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்றே மஹ்ஜூபா நினைத்தாள். தோள் விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் மூச்சு தடையில்லாமல் போய் வந்தது.

வெகுநேரம் கழித்து இக்ராம் வந்தாள். ஈரக் கல்லில் மல்லாந்து படுத்து, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

"எனக்கு இருக்கான்னு பாருங்க," என்றாள், கண்ணைத் திறக்காமல். "இருந்தா, இன்னிக்கே சொல்லணும்."

மஹ்ஜூபா கையுறையைக் கழற்றி வைத்தாள். ஆவிக்குள் இக்ராமின் கை, தூக்கியது தூக்கியபடி காத்திருந்தது.